"ஒன்றும் ஆகாதும்மா" என்று சொல்லுமுன்...

அண்மைக் காலமாக நமது மளிகைக் கடைகளில் தேங்காய் மாவு கேட்டு வருவோர் உண்டு. கோதுமை ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்குப் பிறந்தநாள் கேக் செய்ய வேண்டும் என்று ஒரு தாய் வந்து நிற்கும்போது நாம் என்ன சொல்கிறோம்? "இதில் ஒன்றும் ஆகாதும்மா, தைரியமாக வாங்கிட்டுப் போங்க" என்கிறோம். அந்த வார்த்தையைச் சொல்ல நமக்குத் தகுதி உண்டா என்பதே கேள்வி.

தேங்காய்ப் பால் எடுத்தபின் எஞ்சும் சக்கையை உலர்த்தி அரைத்தால் கிடைப்பது தேங்காய் மாவு. கோதுமையில் உள்ள குளூட்டன் இதில் இல்லை, நார்ச்சத்து மிகுதி. பொள்ளாச்சியையும் காங்கேயத்தையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் நமக்கு இது நல்ல சரக்கு என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் மாவு மட்டுமே கேக் ஆகிவிடாது. இம்மாவு தண்ணீரை மிகுதியாக இழுக்கும். ஒரு கப் மைதா போடும் இடத்தில் கால் கப் அளவே போதும். ஒட்டும் தன்மை இல்லாததால், வழக்கமான செய்முறைகளில் முட்டையைக் கூடுதலாகச் சேர்ப்பார்கள். முட்டையோ ஒவ்வாமைப் பொருள்களில் முன்வரிசையில் நிற்பது! பாலும் பாதாம் மாவும் சேர்ப்பவரும் உண்டு. முட்டையும் ஆகாத பிள்ளைக்கு அரிசி மாவு கலந்து, அரைத்து ஊறவைத்த ஆளி விதை, மசித்த வாழைப்பழம், சிறிது இசப்கோல் ஆகியவற்றைச் சேர்க்கலாம். பாலுக்குத் தேங்காய்ப் பால் இருக்கிறது. இதை எடுத்துச் சொல்லத் தெரிந்த கடைக்காரர் மாவோடு இன்னும் நான்கு பொருள்களையும் விற்பார்.

அடுத்தது சட்டம். குளூட்டன் உள்ள தானியங்கள், நண்டு, இறால் வகைகள், பால், முட்டை, மீன், நிலக்கடலை, கொட்டை வகைகள், சோயா, கிலோவுக்கு 10 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ள சல்ஃபைட் ஆகியவற்றைப் பொட்டலத்தில் அறிவிக்க வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டு இந்திய லேபிள் விதி. "குளூட்டன் இல்லாதது" என்று எழுத வேண்டுமானால், அது கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025 ஜனவரியில் தேங்காயைக் கொட்டைகள் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. ஆயினும் தேங்காயே ஆகாதவர்கள் சிலர் இருக்கத்தான் செய்கிறார்கள்.

நமது கடைகளில் நடப்பது என்ன? மைதா அள்ளிய அதே கரண்டியால் தேங்காய் மாவை அள்ளுகிறோம். கடலைப்பருப்பும் நிலக்கடலையும் நிறுத்த அதே தட்டில் இதையும் நிறுக்கிறோம். கோதுமை அரைத்த மில்லிலேயே அரைத்து வாங்குகிறோம். இந்தத் தவற்றை நாமும் செய்தவர்களே. தேங்காயில் குற்றமில்லை, குற்றம் கரண்டியில்! கடும் ஒவ்வாமை உடையவருக்கு அந்தத் துளி போதும். அது தடிப்போடும் அரிப்போடும் நின்றுவிடுவதில்லை. மூச்சு முட்டி உயிருக்கே ஆபத்தாகலாம்.

"சிறு கடைக்காரனுக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா?" என்று சிலர் கேட்பார்கள். நாம் சோதனைக்கூடம் கட்டச் சொல்லவில்லை. தேங்காய் மாவைச் சில்லறையாக அள்ளி விற்காமல், முத்திரையிட்ட பொட்டலமாக மட்டும் விற்போம். மொத்த வியாபாரிகள், அரைக்கும் இயந்திரத்தில் வேறு என்ன அரைக்கப்படுகிறது, வெண்மைக்குச் சல்ஃபைட் சேர்க்கப்பட்டதா என்பதை ஆலையிடம் எழுத்தில் கேட்டு வாங்கட்டும். இம்மாவில் எஞ்சியிருக்கும் எண்ணெய் நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். ஆகவே அளவோடு கொள்முதல் செய்வதும் நல்லது.

எல்லாவற்றுக்கும் மேலாக, தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகுவோம். "பொட்டலத்தில் போட்டிருப்பதைப் படித்துப் பாருங்கம்மா, டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் ஒரு பொட்டலம் விற்காமல் போகலாம். அந்தத் தாய் மீண்டும் நம் கடைக்குத்தான் வருவார். நம்பிக்கையே நமது முதல்; அதை இழந்தபின் ஈட்டும் இலாபம் இலாபமாகாது என்பதை வணிகப் பெருமக்கள் சிந்திக்க வேண்டுகிறோம்.