கேளாமல் வந்த ரொட்டி

சென்ற கோடை விடுமுறையில் போர்த்துக்கல் தேசத்துக்குப் போய்வரும் பாக்கியம் நமக்குக் கிடைத்தது. லிஸ்பன் நகருக்குக் கிழக்கே சுமார் 130 கிலோமீட்டர் தூரத்தில், அலென்தெஜோ என்ற சீமையில், எவோரா என்னும் புராதன நகரம் இருக்கிறது. ரோமாபுரியார் எழுப்பிய கோவிலின் தூண்கள் இன்றும் அங்கே நிமிர்ந்து நிற்கின்றன. 1559-ல் ஏற்பட்ட சர்வகலாசாலை ஒன்றும் உண்டு. இவற்றைப் பார்த்து முடித்தபோது பகல் மணி ஒன்று. வெயிலோ மதுரை வெயிலுக்கு இளைத்ததல்ல. வயிறானது சரித்திர ஆராய்ச்சியைக் கைவிட்டு, சாப்பாட்டைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிற்று.

சந்து ஒன்றில் சின்னஞ்சிறு சாப்பாட்டுக் கடை தென்பட்டது. இத்தகைய கடையை அந்நாட்டார் 'தாஷ்கா' என்கிறார்கள். உள்ளே ஆறே மேசைகள். மேல்விரிப்புத் துணிக்குப் பதில் காகிதம். தகப்பனார் பரிமாறுகிறார், தாயார் அடுப்படியில் இருக்கிறார், மகள் கணக்குப் பார்க்கிறாள். பெரியவர் நம்மை வரவேற்று ஓரிடத்தைக் காட்டி ஏதோ சொன்னார். 'மேசா', 'ஜனேலா' என்ற இரண்டு வார்த்தைகள் மட்டுமே காதில் பிடிபட்டன. அவையே போதும்! மேசை, ஜன்னல், சாவி, அலமாரி எல்லாம் அவர்கள் பாஷையிலிருந்து வந்து நம் வீட்டில் குடியேறிய சொற்கள் அல்லவா? ஜன்னலோரத்து மேசையில் போய் உட்கார்ந்தோம்.

நாம் வாய் திறப்பதற்கு முன்பே ஒரு கூடை ரொட்டியும் ஒரு கிண்ணம் ஆலிவ் காயும் வந்து சேர்ந்தன. "பார்த்தாயா? விருந்தோம்பல் நமக்கு மட்டுமே சொந்தம் என்று மேடைதோறும் பேசுகிறோமே!" என்று இல்லாளிடம் சொல்லிக்கொண்டே கூடையைக் காலி செய்தோம். சாப்பாட்டுப் பட்டியலை ஒரு புரட்டுப் புரட்டிக் கீழே வைத்துவிட்டோம்.

நாம் புலால் உண்ணாதவர்கள் என்பதை மகளுக்கு விளக்கினோம். பள்ளிக்கூடத்தில் கற்ற இங்கிலீஷைக் கொண்டு அவள் அதைப் புரிந்துகொண்டு தாயாரிடம் ஓடினாள். அம்மையார் வெளியே வந்து, பரிதாபத்துக்குரிய ஜீவன்களைப் பார்ப்பது போல நம்மைப் பார்த்து, "அசோர்தா" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அசோர்தா செய்வது வெகு சுலபம். பூண்டையும் கொத்தமல்லித் தழையையும் உப்புடன் உரலில் இடிக்க வேண்டியது. ஆலிவ் எண்ணெயை ஊற்றி, கொதிக்கும் நீரை அதன்மேல் விட வேண்டியது. நேற்றைய ரொட்டியைத் துண்டு போட்டு அதிலே ஊறவைத்தால் ஆயிற்று. வழக்கமாக முட்டையோ மீனோ உடன் சேர்ப்பதுண்டு. நமக்காக இரண்டையும் விலக்கிவிட்டார்கள். கொத்தமல்லி வாசனை மூக்கில் ஏறியதும் நம் ஊர் ரசத்தின் ஞாபகம் வந்தது. மிளகாயை நம் தேசத்துக்குக் கொண்டுவந்து சேர்த்த ஜாதியார் இதில் ஒரு மிளகாய்கூடக் கிள்ளிப் போடவில்லையே என்பது ஒன்றுதான் குறை.

சாப்பிட்டு முடிந்தது. பெரியவர் மேசைமேலிருந்த காகிதத்திலேயே கணக்கைக் கூட்டிக் காட்டினார். ரொட்டிக்கும் ஆலிவ் காய்க்கும் தனியாக மூன்றரை யூரோ! நாம் கேட்கவே இல்லையே? சுருக்கென்று கோபம் வந்தது. 'வாஸ்கோ ட காமாவின் வம்சத்தாரிடம் வேறு என்ன எதிர்பார்க்கலாம்?' என்று மனம் முணுமுணுத்தது. முகம் அதைக் காட்டிக் கொடுத்திருக்க வேண்டும். மகள் பட்டியலை எடுத்து விரித்தாள். முதல் வரியிலேயே ரொட்டியின் விலையும் ஆலிவின் விலையும் அச்சிட்டிருந்தன. கேளாமல் வந்ததைத் தொடாமல் வைத்திருந்தால் காசு கிடையாது. அது அந்நாட்டுச் சட்டம். நாமோ கூடையில் ஒரு துணுக்குக்கூட மிச்சம் வைக்கவில்லை. 'விடை எழுதுவதற்கு முன் வினாத்தாளை முழுவதும் படி' என்று இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு உபதேசம் செய்து வருகிறோம். நம் லட்சணம் இது!

வேண்டாமென்றால் அதை அடித்துவிடுவதாக அந்தப் பெண் சொன்னாள். பிறகு மெதுவாக, "எங்கள் பக்கத்தில் ரொட்டி ஒருநாளும் இனாமாக வந்ததில்லை" என்றாள்.

அந்த வார்த்தை நம்மைத் தைத்தது. அலென்தெஜோ கோதுமை விளையும் பூமி. ஆனால் நிலமெல்லாம் பெரிய பண்ணையார்கள் கையில் இருந்தது. அறுத்தவன் வீட்டில் பழைய ரொட்டியும் வெந்நீரும்தான். அந்த ஏழைகளின் பழையதே நாம் ருசித்த அசோர்தா. 1954-ம் வருஷம் மே மாதம் 19-ம் தேதி, இதே சீமையிலுள்ள பலெய்சாவ் கிராமத்தில், கூலி உயர்வு கேட்ட கத்தரீனா எவுஃபேமியா என்ற அறுவடைக்காரப் பெண்ணைச் சர்க்கார் காவற்படை அதிகாரி ஒருவன் சுட்டுக் கொன்றான். அவளுக்கு வயது 26. மூன்று குழந்தைகளின் தாய். 1961-ம் வருஷம் டிசம்பர் வரையில் கோவாவை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருந்ததும் அதே சலாசார் சர்க்கார்தான். நம்மை வாட்டிய கை தன் சொந்த ஜனங்களின் வாயிலும் மண்ணைப் போட்டது. 1974 ஏப்ரல் 25-ல்தான் அந்த ஆட்சி கவிழ்ந்து ஜனங்கள் மூச்சு விட்டார்கள்.

கப்பலிலே பீரங்கியுடன் வந்தவனையும், அடுப்படியில் பூண்டு இடிப்பவளையும் ஒரே ஜாதி என்று எண்ணி, மூன்றரை யூரோவுக்காக வழக்குத் தொடுத்த நம் சிறுமையை நினைத்து வெட்கினோம். கணக்கில் ஒரு காசு குறையாமல் கொடுத்துவிட்டு, அம்மையாருக்குக் கை கூப்பினோம். அவரும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பதிலுக்குக் கூப்பினார்.

நேயர்கள் அந்தப் பக்கம் போக நேர்ந்தால் பட்டியலை முதலில் படியுங்கள். ரொட்டி வேண்டாமென்றால் மரியாதையாகத் திருப்பிவிடுங்கள். சாப்பிட்டால் சந்தோஷமாக விலையைக் கொடுங்கள். நம் வீட்டில் இப்போது ரொட்டி மீந்தால் யாரும் எறிவதில்லை. இல்லாள் பூண்டும் கொத்தமல்லியும் இடிக்கிறாள். கூடவே, போர்த்துக்கீசியர் மன்னிப்பார்களாக, இரண்டு பச்சை மிளகாயும்.