புள்ளி வைக்கத் தெரியாத அடுக்கு

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 ஏற்க மறுக்கும் பழைய கணினிகளைக் குப்பைக்கு அனுப்பாமல் காப்பாற்ற லினக்ஸ் நல்ல வழி என்பதில் நம் துறையினருக்குள் பெரிய கருத்து வேறுபாடு இராது. அப்படி நிறுவிக் கொடுத்த கணினியில் ஒழுங்காகத் தமிழ் எழுத முடியாவிட்டால், பயனர் முறையிடமாட்டார். சத்தமில்லாமல் ரோமன் எழுத்துக்குப் போய்விடுவார். தமிழ் விசைப்பலகையை அதற்கு உரிய அடுக்கில், கணினி முழுவதற்குமாக, பயனர் வந்து உட்காருவதற்கு முன்பே அமைத்துவிட வேண்டும் என்பதே இந்த உரையின் வாதம். மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களை மனத்தில் வைத்து இதை எழுதக் காரணம் உண்டு. தோட்ட அலுவலகத்திலோ தோட்டத் தமிழ்ப்பள்ளியிலோ ஒரு கணினி பலர் கைக்கு மாறும். கோளாறு என்றால் தாப்பாவிலிருந்தோ ஈப்போவிலிருந்தோ ஒருவர் மலையேறி வரவேண்டும். அரைகுறை அமைப்பின் விலை அங்கே அதிகம்.

லினக்ஸ் மேசைக்கணினியில் விசைகள் இரண்டு இடங்களில் பொருள் பெறுகின்றன. கீழே இருப்பது எக்ஸ்கேபி. அது ஓர் அட்டவணை: இந்த விசைக்கு இந்த எழுத்து, ஷிஃப்டோடு அழுத்தினால் அந்த எழுத்து. முந்தைய விசை எது என்ற நினைவு அதற்குக் கிடையாது. மேலே இருப்பது உள்ளீட்டு முறை, அதாவது ஐபஸ் அல்லது எஃப்சிட்டிக்ஸ். அது முன்னே தட்டியதைப் பார்த்து அடுத்ததை முடிவு செய்யும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி உருவாகி, அதே ஆண்டு தமிழ்நாட்டு அரசின் ஏற்பைப் பெற்ற தமிழ்99 முறைக்கு இந்த நினைவுதான் உயிர். ‘தோட்டம்’ என்று எழுத அதில் த, ஓ, ட, ட, ம, புள்ளி என ஆறு தட்டல் போதும். மெய்க்குப் பின்னே வந்த ஓ தானே துணைக்குறியாகிறது. இரண்டாவது ட வந்ததும் முதல் ட தானே புள்ளி பெறுகிறது. ங-வுக்குப் பின் க, ம-வுக்குப் பின் ப வந்தாலும் இதே கதை. அட்டவணையால் இதைச் செய்ய முடியாது. எக்ஸ்கேபி பட்டியலில் ‘தமிழ்நெட் 99’ என்ற பெயரில் ஒரு தளவமைப்பு இருக்கிறது. பெயரைப் பார்த்து அதைத் தேர்ந்தெடுப்பவர் தானாகப் புள்ளி விழும் என்று எதிர்பார்த்து ஏமாறுவார், பிறகு லினக்ஸில் தமிழ் சரியில்லை என்று தீர்ப்பெழுதுவார். உண்மையான தமிழ்99, பன்மொழி உள்ளீட்டு முறைகளின் தொகுப்பான எம்17என் பொதி வழியாக ஐபஸுக்குள் வருகிறது. பல வழங்கல்களில் அப்பொதியைத் தனியே நிறுவும்வரை பட்டியலில் அதன் நிழல்கூடத் தெரியாது.

மலேசியாவில் இன்னொரு பொறி காத்திருக்கிறது. எக்ஸ்கேபியில் மலேசிய நாட்டுக்கென உள்ள தளவமைப்பு, மலாயை அரபு வரிவடிவில் எழுதும் ஜாவி எழுத்துக்கானது. அன்றாட மலாய் ரூமியில், அதாவது ரோமன் எழுத்தில், எழுதப்படுவதால் அதற்கு அமெரிக்க ஆங்கிலத் தளவமைப்பே போதும். நாட்டின் பெயரைக் கண்டதும் தேர்ந்தெடுத்துவிட்டால், கடவுச்சொல் கேட்கும் இடத்தில் அரபு எழுத்துகள் வந்து நிற்கும். அதனால் உள்ளீட்டு வரிசையில் முதலிடம் அமெரிக்க ஆங்கிலத்துக்கு, இரண்டாமிடம் தமிழ்99க்கு. தோட்டங்களில் இன்று வங்கதேசத்தவரும் நேபாளியரும் இந்தோனேசியரும் வேலை செய்கிறார்கள். தோட்ட எழுத்தரான கிராணியின் மேசையில் இருக்கும் ஒரே கணினியில் வங்காளமும் தேவநாகரியும் கேட்கப்படும் நாள் வரலாம். எக்ஸ் சாளர முறையில் எக்ஸ்கேபி ஒரே நேரத்தில் நான்கு தளவமைப்புகளுக்கு மேல் தாங்காது. உள்ளீட்டு முறையில் அந்தக் கூரை இல்லை.

இதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது, மலேசியத் தமிழர் ரோமன் எழுத்தில் தட்டித் தமிழைப் பெறும் ஒலிபெயர்ப்பு முறைக்கே பழகியவர்கள் என்பது. முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு மென்பொருளும் அதன் அஞ்சல் விசைமுறையும் இந்நாட்டுப் பழக்கத்தை வடித்தவை. அந்தப் பழக்கத்தை மதிக்கத்தான் வேண்டும். எம்17என்னில் உள்ள ஒலிபெயர்ப்பு முறையை மூன்றாவது உள்ளீடாகச் சேர்த்துவிடுங்கள், பெரியவர்கள் அதில் எழுதட்டும். பள்ளிப் பிள்ளைக்கு மட்டும் அதை முதல் பாடமாக்க வேண்டாம் என்பது என் நிலைப்பாடு. மலாயில் ஒரு ரோமன் எழுத்துக்கு ஓர் ஒலி, ஆங்கிலத்தில் இன்னொன்று. இரண்டையும் ஒரே பருவத்தில் கற்கும் பிள்ளையின் தலையில் அதே எழுத்துக்கு மூன்றாவது ஒலியையும் ஏற்றுவது வீண் சுமை. கைப்பேசியும் குரல்வழித் தட்டச்சும் இருக்கும்போது விசைப்பலகை எதற்கு என்பாரும் உண்டு. கட்டுரைப் பயிற்சி, பள்ளி ஆண்டிதழ், கூட்டக் குறிப்பு இவையெல்லாம் இன்னும் விரல்வழியேதான் நடக்கின்றன; அவற்றைத் திருத்துவதும் விரல்தான்.

பயனரின் சுதந்திரத்தில் கைவைக்கிறீர்கள் என்று கட்டற்ற மென்பொருள் அன்பர்கள் சொல்வார்கள். தொடக்க நிலையைத் தீர்மானிப்பது வேறு, பூட்டுவது வேறு. க்னோமில் அமைவுகளைச் சேமிக்கும் டீகான்ஃபின் கணினி அளவிலான தரவுக்கோப்பில் உள்ளீட்டு வரிசையை எழுதி, பூட்டுக் கோப்பை மட்டும் விட்டுவிட்டால், ஒவ்வொரு புதிய கணக்கும் சரியாகத் தொடங்கும், விரும்பியவர் மாற்றிக்கொள்வார். எக்ஸ் சாளர முறைக்கு மாற்றாக வந்த வேலண்டில் ஓடும் கேடிஇ பிளாஸ்மா அமர்வில் எஃப்சிட்டிக்ஸை மெய்நிகர் விசைப்பலகைப் பகுதியில் தேர்ந்தெடுக்க வேண்டும். இடம் ஏன் அங்கே போனது என்று கேட்காதீர்கள்.

தொடக்க நிரல்களில் கட்டளைகளைத் திணித்து வைக்கும் பழைய பழக்கத்துக்கும் முடிவு வந்துவிட்டது. ஃபெடோரா 25 தொடங்கி 2016இலும், உபுண்டு 21.04 தொடங்கி 2021இலும் வேலண்ட் இயல்புநிலையானது. விசை வரைபடத்தை அங்கே வைத்திருப்பது சாளர மேலாளர். எக்ஸ் காலத்துக் கட்டளை வெளிப்பார்வைக்கு ஓடி முடியும், விசைகள் மாறியிருக்காது. சுட்டிக்கும் இதுவே நிலை. சுட்டியையும் தொடுபலகையையும் கையாளும் லிப்இன்புட் வேண்டுமென்றே குறைவான அமைவுகளையே தருகிறது: இடக்கைப் பயன்பாடு, வேகம், முடுக்க வகை, தட்டும்போது தொடுபலகையை அணைத்தல் போன்றவை. மடிக்கணினியில் கடைசியானதை இயக்கியே கொடுங்கள். இடக்கை அமைவைக் கணினி அளவில் தொட வேண்டாம், அது அவரவர் கணக்குக்கு உரியது. ஆகவே பொதுக் கணக்கு ஒன்றைப் பத்துப் பேர் பகிர்வதை விட்டு, ஆளுக்கொரு கணக்கு திறந்து கொடுப்பது நல்லது. கணினியை ஒப்படைக்கும் முன் புதிய கணக்கு ஒன்றை உருவாக்கி, வெளியேறி, மறுபடி உள்நுழைந்து, உலாவியிலும் லிப்ரே ஆஃபிஸிலும் ‘தேயிலைத் தோட்டம்’ என்று தட்டிப் பாருங்கள். இரண்டிலும் புள்ளிகள் சரியாக விழுந்த பிறகே மலையிறங்குங்கள்.