சாயந்திரக் கரண்டுக்கு என்ன வழி?

2012-ம் வருஷத்தை போடிநாயக்கனூர்காரர்கள் அவ்வளவு லேசில் மறக்க மாட்டார்கள். சென்னைக்கு வெளியே தமிழ்நாடு முழுக்க ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், சில ஊரில் அதற்கும் மேலே கரண்டு இல்லாத காலம் அது. மாவு மில், ஜெராக்ஸ் கடை, இலவம்பஞ்சு மெத்தைக் கடை, தையல் கடை என்று எல்லாருக்கும் அடி. ஜெனரேட்டர் வைத்திருந்தவர் டீசல் கணக்கைப் பார்த்து நொந்தார். வைக்காதவர் ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனார். 'கரண்டு எப்போ வரும்?' என்பதுதான் டீக்கடை பெஞ்சில் முதல் பேச்சு.

அந்த இருட்டு விலகியது உண்மை. ஆனால் தேவை நின்றுவிட்டதா? இல்லை. 2024 மே 2-ந் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20 ஆயிரத்து 830 மெகாவாட்டைத் தொட்டது. ஏ.சி. இப்போது பணக்காரர் வீட்டுச் சாமான் அல்ல. நடுத்தரக் குடும்பமும் தவணையில் வாங்கி மாட்டுகிறது. பேட்டரி ஸ்கூட்டர் வந்தாச்சு. வெயிலும் வருஷத்துக்கு வருஷம் கூடுகிறது. இத்தனைக்கும் கரண்டு எங்கிருந்து வரப்போகிறது?

மலைத் தண்ணீர் தந்த வெளிச்சம்

இந்தக் கேள்வியைக் கேட்கப் போடியை விடப் பொருத்தமான ஊர் கிடையாது. சுற்றியுள்ள மலை அத்தனையும் மின்சாரம் கொடுத்த மலை. மூணாறு பக்கம் பள்ளிவாசலில் 1940-லேயே மின்நிலையம் ஓடத் தொடங்கியது. போடிமெட்டு ஏறி இறங்கினால் கண்ணில் படும் ஆனையிறங்கல் அணையின் தண்ணீர் பன்னியாறு மின்நிலையத்துக்குப் போகிறது. 1976-ல் திறந்த இடுக்கி மின்நிலையம் 780 மெகாவாட் சக்தி கொண்டது.

தமிழ்நாட்டுப் பங்குக்கு லோயர் கேம்ப் இருக்கிறது. குமுளி மலைப்பாதையில் பஸ்ஸில் போகிறவர்கள் ராட்சதக் குழாய்களைப் பார்த்திருப்பார்கள். முல்லைப் பெரியாறு தண்ணீர் ஆயிரம் அடிக்கு மேல் அதில் பாய்ந்து இறங்கி டர்பைனைச் சுற்றுகிறது. 1958-ல் முதல் யூனிட், 1965-ல் நாலாவது யூனிட். நாலும் சேர்த்து 140 மெகாவாட் என்று அமைத்தார்கள். அதே தண்ணீர் கீழே வந்து கம்பம் பள்ளத்தாக்கின் நெல் வயலை நனைத்து, வைகை அணைக்குப் போய், மதுரைக்காரர் குடத்தையும் நிரப்புகிறது. ஒரே தண்ணீருக்கு மூன்று வேலை! 1978-ல் சுருளியாறு மின்நிலையம் 35 மெகாவாட்டோடு சேர்ந்தது.

சும்மா வந்ததல்ல இது. 1886-ல் போட்ட குத்தகை பாசனத்துக்கு மட்டும்தான். மின்சாரம் எடுப்பதற்கு 1970-ல் தனி ஒப்பந்தம் போட்டு, கேரளாவுக்குப் பணம் கட்ட ஒத்துக்கொண்டார்கள். 1979-ல் அணையின் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டபோது பாசனத்தோடு மின்சாரமும் அடிபட்டது. 142 அடி வரை தேக்கலாம் என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லும் வரை அந்த இழுபறி ஓயவில்லை.

அகப்பையில் எவ்வளவு வரும்?

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்! தமிழ்நாட்டின் நீர்மின் நிலையங்கள் எல்லாம் சேர்ந்தும் சுமார் 2,300 மெகாவாட்தான். இன்றைய உச்சத் தேவையில் ஒன்பதில் ஒரு பங்கு. லோயர் கேம்ப் தருவது நூற்றில் ஒரு பங்குகூட வராது. அதுவும் மழை பெய்து, அணை நிறைந்து, தண்ணீர் திறந்தால்தான். கோடையில் குடிதண்ணீருக்கு மட்டும் திறக்கும் நாளில் டர்பைன் சும்மா நிற்கும்.

'இன்னும் நாலு அணை கட்டினால் என்ன?' என்று கேட்பவர்கள் உண்டு. எந்த இடத்தில் கட்டுவது? 2020 ஆகஸ்டில் மூணாறுக்குப் பக்கத்தில் பெட்டிமுடியில் மலை சரிந்து 70 உயிர் போனது. லயன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் மண்ணுக்குள் போயின. கனமழை பெய்தால் சரியக்கூடிய மலை இது. இஷ்டத்துக்குக் குடையக் கூடாது. காடு அழியும் என்பதால் பாலக்காட்டு சைலண்ட் வேலி மின்திட்டத்தையே 1983-ல் கைவிட்டார்கள்.

பகலில் தாராளம், ராத்திரி தட்டுப்பாடு

இன்று தமிழ்நாட்டில் காற்றாலையும் சோலாரும் நிறைய இருக்கின்றன. தேனி மாவட்டத்திலேயே ஆடிக் காற்றில் காற்றாலைகள் சுற்றுவதைப் பார்க்கலாம். பகல் பன்னிரண்டு மணிக்கு சோலார் கரண்டு தாராளம். வெயில் சாய்ந்ததும் அது விடைபெற்றுக்கொள்ளும். அந்த நேரம் பார்த்துத்தான் கடைத்தெரு லைட், வீட்டு பேன், டி.வி., ஏ.சி. எல்லாம் ஒரே சமயத்தில் ஓடும். முடை அங்கேதான்.

இதற்கு வழி புதிதல்ல. கோவை மாவட்டம் காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் 1980-களின் கடைசியிலேயே வந்துவிட்டது. கரண்டு மிச்சமாகும் நேரத்தில் கீழே இருக்கும் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றுவது, தேவைப்படும்போது அதையே இறக்கி மின்சாரம் எடுப்பது. பகல் கரண்டைச் சேமித்து ராத்திரி செலவழிக்கும் உண்டியல் மாதிரி. ஆனால் அடுத்த உண்டியல் எங்கே? நீலகிரி குந்தாவில் 500 மெகாவாட் நீரேற்று நிலைய வேலை வருஷக்கணக்கில் இழுத்தது. தேவை காத்துக்கொண்டா இருக்கும்?

இலங்கையைப் பாருங்கள். 2022 மார்ச்சில் எண்ணெய் வாங்க டாலர் இல்லை, அணையிலும் தண்ணீர் குறைவு. நாளைக்கு 13 மணி நேரம் வரை இருட்டு. ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். கரண்டு போனால் ராஜாங்கமே ஆட்டம் காணும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஏலக்காய்க்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய உண்டு. பச்சைக் காய் ஐந்து கிலோ காய்ந்தால் ஒரு கிலோ ஏலக்காய். அதைக் காயவைக்க ஒரு நாள் முழுக்கச் சீரான சூடு வேண்டும். சூடு கூடினாலும் குறைந்தாலும் பச்சை நிறம் போய்விடும். நிறம் போனால் ஏலத்தில் விலையும் போச்சு. ஏலமே இப்போது கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. நம்பி இறங்க நல்ல கரண்டு இல்லாத இடத்தில் விறகுதான் கதி. விறகுக்கு மரம் விழும். நிழல் மரம் குறைந்தால் ஏலச்செடி வாடும், மண் காயும், ஓடை வற்றும். 2024 கோடையின் வறட்சியில் ஏலத்தோட்டங்கள் கருகியதை விவசாயிகள் கண்ணால் பார்த்தார்கள். தோட்டத்தில் காய் இல்லையென்றால் விடியற்காலம் ஜீப் ஏறி மலைக்குப் போகிற பெண்களுக்குக் கூலியும் இல்லை.

அதனால் மின்சாரத்தைப் பெருக்குவதும் மலையைக் காப்பதும் எதிரும் புதிருமான காரியங்கள் அல்ல. பெரியாற்றுக் காடு காப்பாற்றப்பட்டதால்தான் லோயர் கேம்ப்புக்கு இன்றும் தண்ணீர் வருகிறது.

என்ன செய்ய வேண்டும்? தொடங்கிய நீரேற்றுத் திட்டங்களைத் தேதி குறித்து முடிக்க வேண்டும். இருக்கிற அணைகளையே பயன்படுத்தும் இடங்களை முதலில் எடுக்க வேண்டும். பெரியாற்று, சுருளியாற்று யூனிட்கள் தண்ணீர் வரும் காலத்தில் ரிப்பேர் என்று நிற்கக் கூடாது. விறகை விடும் ஏலக்காய் ஸ்டோர்களுக்கு மின் உலர்த்தி வாங்க மானியமும், அந்த லைனுக்குத் தடங்கலில்லாத கரண்டும் வேண்டும். வீட்டு மாடி சோலாருக்கு மத்திய அரசு 2024-ல் 78 ஆயிரம் ரூபாய் வரை மானியம் அறிவித்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்? மனுப் போடும் கடைக்காரரையும் குமாஸ்தாவையும் அலையவிடாமல் மீட்டர் மாட்டிக் கொடுக்க வேண்டியது மின்வாரிய ஆபீஸின் பொறுப்பு.

கட்டணத்தை மட்டும் 2022, 2023, 2024 என்று வருஷம் தவறாமல் ஏற்றத் தெரிந்தது. அதே சுறுசுறுப்பை உற்பத்தியிலும் காட்டுவதுதான் நியாயம். அடுத்த கோடைக்குள் எந்தத் திட்டம், எத்தனை மெகாவாட், எந்தத் தேதி என்று மின்துறை ஜனங்களுக்குச் சொல்லட்டும்!