கொள்ளிடக் கரையின் முதலைகளும் படித்துறைகளும்: தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய தமிழ்நாடு தலைமை வன உயிரினக் காப்பாளர் அவர்களுக்கு,

சிதம்பரத்துக்குத் தெற்கே, பழைய கொள்ளிடம் என்று ஊரார் அழைக்கும் ஆற்றுக் கிளையை ஒட்டிய வல்லம்படுகை, வேளக்குடி, அகரநல்லூர் முதலிய சிற்றூர்களில் முதலை அச்சம் என்பது எப்போதோ வந்து போகும் செய்தியாக இல்லாமல், அன்றாட வாழ்க்கையின் பகுதியாகிவிட்டது. குளிக்கப் போனவர்களும் மாட்டைக் கழுவப் போனவர்களும் தாக்கப்பட்டிருக்கிறார்கள், சிலர் உயிரிழந்திருக்கிறார்கள். ஒவ்வொரு நிகழ்வுக்குப் பின்னும் மக்கள் திரண்டு கேட்பதும், வனத்துறை செய்வதும் பெரும்பாலும் ஒன்றுதான்: கண்ணில் பட்ட முதலையைப் பிடித்து, சிதம்பரத்தை அடுத்த வக்காரமாரி நீர்த்தேக்கத்தில் கொண்டுபோய் விடுவது. இந்த நடைமுறை மக்களையும் காக்கவில்லை, முதலையையும் காக்கவில்லை என்பதையும், அதற்குச் செலவாகும் உழைப்பும் பணமும் ஆற்றில் மக்கள் இறங்கும் துறைகளைப் பாதுகாப்பதற்குத் திரும்ப வேண்டும் என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருவதே இம்மடலின் நோக்கம்.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், கொள்ளிடத்தில் வாழும் சதுப்புநில முதலை இடம்பெற்றிருப்பதால், மனித உயிருக்கு ஆபத்து என்ற காரணத்தைக் காட்டி அதைப் பிடிக்க எழுத்து மூலம் ஆணையிடும் அதிகாரம் அச்சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி தங்களிடமே இருக்கிறது. மாவட்ட ஆட்சியரையோ ஊராட்சித் தலைவரையோ விட்டுத் தங்களை முன்னிலைப்படுத்தி இம்மடல் எழுதப்படுவதற்குக் காரணம் இதுதான்.

தோலுக்காக வேட்டையாடப்பட்டு 1970களின் தொடக்கத்தில் இந்திய ஆறுகளிலிருந்து ஏறக்குறைய மறைந்தே போன விலங்கு இது. 1975இல் ஐ.நா. அமைப்புகளின் துணையுடன் இந்திய அரசு தொடங்கிய முதலைப் பாதுகாப்புத் திட்டமும், அடுத்த ஆண்டு மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் உருவான சென்னை முதலைப் பண்ணையும் இல்லாமல் இருந்திருந்தால், அமராவதி, சாத்தனூர் அணைகளில் இன்று முதலை இருந்திருக்குமா என்பது ஐயமே. ஓர் இனத்தை அழிவின் விளிம்பிலிருந்து மீட்டெடுத்த துறைக்கு, மீண்டு வந்த இனத்தோடு மக்கள் எவ்வாறு வாழ்வது என்ற கேள்விக்கு விடை தேடும் கடமையும் சேர்ந்தே வருகிறது. அந்த இரண்டாவது வேலை இன்னும் சரியாகத் தொடங்கப்படவில்லை.

கொள்ளிடம், காட்டுக்குள் ஓடும் ஆறு அன்று. காவிரியின் வெள்ளத்தை முக்கொம்பில் பிரித்துக் கடலுக்குக் கொண்டுசெல்லும் வடிகாலாகப் பயன்படும் இந்த ஆறு, 19ஆம் நூற்றாண்டில் அணைக்கரையில் கட்டப்பட்ட கீழணையில் மறிக்கப்பட்டு, அங்கிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கும், பிற வாய்க்கால்கள் வழியாக வயல்களுக்கும் பிரிகிறது. மணல் அள்ளியதால் ஆற்றின் படுகை பல இடங்களில் ஆழமாகிப் பள்ளங்களாகியிருக்கிறது. கோடையில் ஆறு வற்றும்போது அந்தப் பள்ளங்களில் மட்டும் தண்ணீர் தங்குகிறது. கரைகளில் கோரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும், தேங்கிய நீரில் ஆகாயத்தாமரையும் அடர்ந்து கிடக்கின்றன. மனிதர் தம் தேவைக்காகச் செய்த இந்த மாற்றங்கள் ஒவ்வொன்றும் முதலைக்கு ஏதோ ஒரு வகையில் உதவியிருக்கின்றன. வற்றாத குட்டை அதற்குக் கோடைப் புகலிடம். செடிப் புதர் மறைவிடம். வாய்க்கால் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் செல்லும் பாதை. வெள்ளக் காலத்தில் திறந்துவிடப்படும் நீர், மேலே இருக்கும் விலங்கைக் கீழே கொண்டுவந்து சேர்க்கும் வாகனம். ஆகவே, காட்டை விட்டு முதலை ஊருக்குள் வந்துவிட்டது என்று சொல்வதும், முதலையின் இடத்துக்குள் மக்கள் புகுந்துவிட்டார்கள் என்று நகரத்தில் இருந்துகொண்டு பழிப்பதும் ஒரே அளவுக்குத் தவறானவை. பின்னது தவறு மட்டுமன்று, அநீதியும் ஆகும். வீட்டில் குழாயும் குளியலறையும் இல்லாத குடும்பத்துக்கு ஆறுதான் இரண்டுமாக இருக்கிறது.

இந்த விலங்கின் ஆண்டுச் சுழற்சியை அறியாமல் எந்தத் தீர்வையும் எண்ண முடியாது. குளிர்காலத்தில் இணை சேர்ந்து, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களில், நீர்மட்டம் தாழ்ந்து மணல்திட்டுகள் வெளிப்படும் நேரத்தில், பெண் முதலை கரையில் குழி தோண்டி ஏறத்தாழ 25 முதல் 30 முட்டைகளை இட்டு மூடுகிறது. இரண்டு மாத அளவில் குஞ்சுகள் முட்டைக்குள்ளிருந்தே ஒலி எழுப்ப, அதைக் கேட்டுத் தாய் மண்ணைக் கிளறி அவற்றை வெளியே எடுத்து, வாயில் ஏந்தி நீருக்குக் கொண்டுசெல்கிறது. தந்தையும் இவ்வேலையில் பங்கெடுப்பது பண்ணைகளில் காணப்பட்டிருக்கிறது. குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மரபணு முடிவு செய்வதில்லை, குழியின் வெப்பம்தான் முடிவு செய்கிறது. சென்னை முதலைப் பண்ணையில் நடந்த ஆய்வுகளின்படி, சுமார் 31 டிகிரி செல்சியசும் அதற்குக் குறைவுமான வெப்பத்தில் பெண்ணும், 32.5 டிகிரி அளவில் ஆணும், அதற்கு மேலே போனால் இரண்டும் கலந்தும் பிறக்கின்றன. ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி வேறுபாட்டில் ஓர் ஆற்றின் அடுத்த தலைமுறையே மாறிவிடக்கூடிய நிலையில், கரை மணலை அள்ளுவதும், நிழல் தரும் செடிகளை ஒட்டுமொத்தமாக அழிப்பதும், சரிவுக் கரையைக் கான்கிரீட் போட்டு மூடுவதும் வெறும் பொறியியல் வேலைகளாக நின்றுவிடுவதில்லை. வெயிலின் கடுமைக்குத் தப்ப இந்த முதலைகள் கரை மண்ணில் நீண்ட வளை தோண்டி உள்ளே படுத்துக்கொள்கின்றன. கரை கான்கிரீட்டானால் அவை வேறு கரையையும் வேறு குளத்தையும் தேடி நிலத்தில் நடக்கத் தொடங்கும். விடியற்காலையில் வயல் வரப்பில் முதலை கிடந்தது என்ற செய்திகள் பலவற்றின் பின்னணி இத்தகைய தேடலாகவே இருக்க வேண்டும்.

தாக்குதல் நடக்கும் விதமும் கூர்ந்து பார்க்கத் தக்கது. முதலை துரத்திப் பிடிக்கும் விலங்கன்று. காத்திருந்து பிடிக்கும் விலங்கு. கண்ணும் மூக்கும் மட்டும் நீர்மட்டத்துக்கு மேல் தெரிய, உடல் முழுவதையும் கலங்கிய நீரில் மறைத்துக்கொண்டு, இரை ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்து அங்கே நெருங்குகிறது. துணி துவைப்பவர் குனிந்த நிலையில், கணுக்கால் நீருக்குள் இருக்க, ஆற்றைப் பார்க்காமல் கல்லைப் பார்த்து நிற்கிறார்; பாத்திரம் கழுவுபவர் நீர் விளிம்பில் குத்துக்காலிட்டு அமர்கிறார்; இவர்களின் உருவ அளவு, நீர் குடிக்க வந்த ஆட்டின் அளவைவிட அப்போது பெரிதாகத் தெரிவதில்லை. கொள்ளிடத்தின் முகத்துவாரத்தை ஒட்டிய கிள்ளை, பிச்சாவரம் பகுதியில் வாழும் இருளர்களோ, பறி என்னும் கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, மார்பளவு நீரில் ஊர்ந்தபடி, இரு கைகளாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பவர்கள். நீரில் கையை வைப்பதே தொழிலாகக் கொண்டவர்களிடம் நீரில் இறங்காதீர்கள் என்று பலகை நட்டு எச்சரிப்பதால் விளையும் பயன் எதுவுமில்லை. இதோடு, இறைச்சிக் கடைக் கழிவுகளை ஆற்றங்கரையில் கொட்டும் வழக்கம், மனித நடமாட்டத்தையும் உணவையும் இணைத்துப் பார்க்க முதலையைப் பழக்குகிறது. எல்லாத் தாக்குதலும் பசியால் நிகழ்வதில்லை என்பதையும் மறத்தலாகாது. இணை சேரும் பருவத்தில் எல்லையைக் காக்கும் ஆணும், கோடையில் முட்டைக் குழியைக் காக்கும் பெண்ணும், அருகே வருபவரை விரட்டவே பாய்கின்றன.

இத்தகைய விலங்கை ஓரிடத்திலிருந்து பிடித்து வேறோரிடத்தில் விட்டால் என்ன ஆகும்? ஆஸ்திரேலியாவின் கேப் யார்க் தீபகற்பத்தில் மூன்று பெரிய உவர்நீர் முதலைகளைப் பிடித்து, செயற்கைக்கோள் கருவி பொருத்தி, ஹெலிகாப்டரில் தூக்கிச் சென்று, கடற்கரை வழியாக 56 கி.மீ. முதல் 411 கி.மீ. வரையிலான தொலைவில் விட்ட ஆய்வு 2007இல் வெளியானது. மூன்றும் பிடிபட்ட இடத்துக்கே திரும்பின. மிகத் தொலைவில் விடப்பட்ட முதலை தீபகற்பத்தையே சுற்றிக்கொண்டு, புறப்பட்டபின் 20 நாள்களில் வந்து சேர்ந்தது. உவர்நீர் முதலை வேறு, நம் ஆற்றின் சதுப்புநில முதலை வேறு. ஒன்றின் திறனை அப்படியே மற்றொன்றின்மேல் ஏற்றுவது முறையாகாது. எனினும், வீடு திரும்பும் உணர்வு முதலைக் குடும்பத்துக்கு அந்நியமன்று என்று தெரிந்தபின், நீரும் வாய்க்காலுமாகப் பிணைந்து கிடக்கும் ஒரு சமவெளியில், சில கிலோமீட்டருக்குள் இருக்கும் நீர்த்தேக்கத்தில் விடப்படும் முதலை அங்கேயே தங்கிவிடும் என்று எதை வைத்து நம்புவது?

அது திரும்பாமலே போனாலும் சிக்கல் தீர்வதில்லை. பெரிய முதலை ஒன்று தன் எல்லைக்குள் பிற முதலைகளை எளிதில் அண்டவிடாது. அதை அகற்றியதும் வெறுமையாகும் நல்ல இடத்தை, அதுவரை ஒதுங்கி வாழ்ந்த இளைய முதலைகள் பிடிக்கப் போட்டியிடுகின்றன. பல ஆண்டுகளாக ஒரு துறையருகே யாரையும் தீண்டாமல் இருந்த விலங்கின் இடத்தில், அவ்வூர் மனிதரோடு பழக்கமில்லாத ஒன்று வந்து அமர்கிறது. தாக்கிய முதலைதான் பிடிபட்டதா என்பதற்கும் பெரும்பாலான நேரங்களில் சான்று எதுவும் இருப்பதில்லை. கண்ணில் பட்டதும் வலையில் சிக்கியதும் பிடிபடுகின்றன, அவ்வளவுதான். வக்காரமாரியோ, ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும் விலங்குகளை ஏந்தும் அளவுக்கு வரம்பில்லாத நீர்நிலை அன்று. அதைச் சுற்றியும் ஊர்கள் இருக்கின்றன. ஒரு கரையின் அச்சத்தை இன்னொரு கரைக்கு மாற்றுவதைத் தீர்வு என்று அம்மக்களிடம் எவ்வாறு சொல்ல முடியும்?

அணைக்கரையில் முதலைப் பாதுகாப்பு மையம் அமைக்கும் அரசின் முயற்சி வரவேற்கத் தக்கதே. ஆனால், அது பிடித்த முதலைகளை அடைத்துவைக்கும் தொட்டிகளின் தொகுப்பாக மாறிவிடக் கூடாது. நல்ல பராமரிப்பில் பல பத்தாண்டுகள் வாழும் விலங்கு இது. அடைப்பிடத்தில் எளிதில் பெருகவும் செய்யும். பிடித்து அடைக்கும் கொள்கையைத் தொடங்கும் துறை, அதற்கு முடிவில்லாமல் இடமும் மீனும் ஒதுக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

செய்யத் தக்கது இலங்கையில் ஏற்கெனவே செய்யப்பட்டிருக்கிறது. மாத்தறை வழியாகக் கடலில் கலக்கும் நில்வளா ஆற்றில், உவர்நீர் முதலைகள் வாழும் பகுதிகளில், மக்கள் குளிக்கும் துறையைச் சுற்றி ஆற்றுக்குள் வேலியடைத்து, அதற்குள் நின்று குளிக்கவும் துவைக்கவும் வழிசெய்திருக்கிறார்கள். முதலைக் கோட்டை என்று பொருள்படும் சிங்களப் பெயரால் வழங்கும் இவ்வடைப்புகள் மரக் கழிகளால் அமைந்தவை, இரும்புக் கம்பி வலையால் அமைந்தவை என இருவகைப்படும். பழைய கொள்ளிடத்தில் மக்கள் உண்மையில் பயன்படுத்தும் துறைகளை ஊராரோடு நடந்து கணக்கெடுத்து, அவற்றுள் மிகுதியாகப் பயன்படுபவற்றை நீர்வளத் துறையின் பொறியாளர்களைக் கொண்டு இவ்வாறு அடைப்பது, ஒவ்வொரு முறையும் வலையும் கூண்டும் ஆளும் திரட்டி முதலை பிடிப்பதைவிட நிலையான பயன் தரும். வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படாதபடி இரும்புக் கம்பங்கள் நட்டு, முதலை கரையேறி உள்ளே நுழைய முடியாதபடி நிலப்பக்கத்தையும் அடைக்க வேண்டும். ஆண்டுதோறும் வெள்ளம் வடிந்ததும் வலையைச் சோதிக்கும் பொறுப்பு யாருடையது என்பதை ஆணையிலேயே குறிப்பிட வேண்டும். ஓட்டை விழுந்த அடைப்பு, அடைப்பே இல்லாததைவிடக் கொடியது. அதை நம்பி உள்ளே இறங்குபவர் ஆற்றைப் பார்க்க மாட்டார். ஆடிப்பெருக்கன்று ஊரே ஆற்றில் இறங்கும் என்பதும், ஈமச் சடங்குக்கு இறங்குபவர்கள் வேறொரு துறையை நாடுவார்கள் என்பதும் கணக்கெடுப்பில் விடுபடக் கூடாதவை.

கால்நடைக்குக் கரைமேல் தண்ணீர்த் தொட்டி, வீடுகளுக்குக் குழாய் இணைப்பு, பயன்பாட்டில் இருக்கும் கழிப்பறை, துறையைச் சுற்றிப் புதர் நீக்கம் ஆகியவை வனத்துறையின் நேரடிப் பணிகள் அல்லவென்றாலும், எந்த ஊருக்கு அவை முதலில் வேண்டும் என்று உள்ளாட்சித் துறைக்கு எழுதும் தகுதி தங்களுக்கு உண்டு. பிப்ரவரி முதல் ஜூன் வரை முட்டைக் குழிகள் இருக்கும் கரைப் பகுதிகளை ஊரார் உதவியோடு அடையாளம் கண்டு, துறைகளுக்கு மிக அருகில் இருப்பவற்றைப் பற்றி முன்கூட்டியே எச்சரித்து, ஏனையவற்றில் மணல் எடுப்பையும் கரை வேலையையும் அம்மாதங்களில் நிறுத்திவைப்பதும் இயலாத காரியமன்று.

தவிர்க்க முடியாமல் பிடிக்க நேரும் முதலைகளும் இருக்கும். வீட்டுத் தோட்டத்தில் புகுந்ததையும், ஒரே துறையில் திரும்பத் திரும்பத் தாக்கியதாக உறுதியானதையும் அங்கேயே விட்டுவைக்கும்படி எவரும் கேட்க முடியாது. அத்தகைய ஒவ்வொரு முதலைக்கும் வால் செதில்களில் அடையாள வெட்டோ, தோலடியில் நுண்சில்லோ இடப்பட்டு, நீளம், பாலினம், பிடித்த துறை, விட்ட இடம், நாள் ஆகியவை ஒரே பதிவேட்டில் ஏற வேண்டும். இப்பதிவு இருந்தால்தான் வக்காரமாரியில் விட்ட முதலை மீண்டும் வேளக்குடியில் பிடிபட்டதா இல்லையா என்பது தெரியும். அடுத்த முட்டையிடும் பருவம் தொடங்கும் முன், வரும் சனவரிக்குள், அப்பதிவேட்டுக்கும் துறைகளின் கணக்கெடுப்புக்கும் தாங்கள் எழுத்து மூலம் ஆணையிட வேண்டும் என்றும், அதன் முடிவுகளைத் தமிழில் அச்சிட்டு அந்தந்த ஊராட்சி அலுவலகத்தில் ஊரார் பார்வைக்கு வைக்க வேண்டும் என்றும் இம்மடல் வேண்டிக்கொள்கிறது.