ஐரிஸ் எதுக்கு? காந்தள் வையுங்க

பட்டினப்பாக்கம் மாதிரி கடலோர வீடுகள்ல ஆன்லைன்ல ஐரிஸ் கிழங்கு வாங்கி நடுறாங்க. காசுக்குப் பிடிச்ச கேடுன்னுதான் சொல்வேன். காஷ்மீர்ல கல்லறை மேட்டில்கூட பூக்கிற செடிதான். ஆனா கடையில் விற்கிற பெரும்பாலான ரகத்துக்கு நல்ல குளிர்காலம் வேணும். நம்ம மார்கழிக் குளிர் அதுக்குப் பத்தாது. இலை வரும், பூ வராது.

அதே காசுக்கு நம்ம மாநில மலர் செங்காந்தள் வைக்கலாமே? வேதாரண்யம் பக்கம் கடற்கரை மணல்லயே தானா வளருது. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் மருந்துக்குப் போற விதைக்காகவே விவசாயிங்க பயிர் பண்றாங்க.

கலப்பை மாதிரி வளைஞ்ச கிழங்கு. 50 கிராமுக்குக் குறையாம, நுனி முளை உடையாம இருக்கறதா பார்த்து எடுங்க. முளை போனா செடி இல்லை. ஆடியில் நட்டு, கொடி ஏற கம்பிவேலி கொடுங்க, தண்ணி தேங்கவிடாதீங்க. பூ பச்சையா விரிஞ்சு, மஞ்சளாகி, சிவப்பா முடியும்.

ஒண்ணு மட்டும் கவனம்: கிழங்கிலிருந்து விதை வரை அத்தனையும் விஷம். சின்னப் பிள்ளைங்க, நாய்க்குட்டி இருக்கற வீட்டுக்கு இது ஆகாது. அவங்க நிலசம்பங்கி வைக்கட்டும். ராத்திரி வாசமும் கிடைக்கும், சாமிக்கு மாலையும் கட்டலாம்.