சோடாவைக் குளிர வைக்கும் பக்குவம்

மத்தியான வெயிலில் விருந்தாளி வந்துவிட்டால், எங்கள் அயனம்பாக்கத்துப் பக்கம் கோலி சோடாவுக்கு இணை கிடையாது. (1872-ல் இங்கிலாந்தில் ஹைரம் காட் என்பவர் காப்புரிமை பெற்ற பாட்டிலாக்கும் அது! உள்ளே இருக்கும் வாயுவே கோலியை மேலே தள்ளி வாயை அடைத்துக்கொள்கிறது.)

ஆனால் சூடான சோடாவில் வாயு தங்காது. திறந்ததும் பொங்கி வழிந்து, மிஞ்சுவது சப்பென்ற தண்ணீர்தான். அதற்காக அவசரப்பட்டு ஃப்ரீஸருக்குள் தள்ளிவிடாதீர்கள், சகோதரிகளே! தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பருத்துவிடும். கண்ணாடி தாங்காமல் வெடிக்கும். ஃப்ரிட்ஜ் கதவை ஓடி ஓடித் திறப்பது நம் வீட்டு வாண்டுகள்தானே?

பாட்டிலின் சூடு தணியச் சற்று நேரம் சாதாத் தண்ணீரில் வையுங்கள். பிறகு வாளியில் ஐஸும் தண்ணீருமாகக் கலந்து, அதில் அமிழ்த்திவிடுங்கள். அரை மணியில் சில்லென்றாகிவிடும். "வெறும் ஐஸ் போதாதா?" என்பீர்கள். தண்ணீர் இருந்தால்தான் குளிர்ச்சி பாட்டிலைச் சுற்றிலும் படியும்.

எலுமிச்சை சோடாவா? சாறு, உப்பு, சர்க்கரையை டம்ளரில் முதலிலேயே கரைத்துவிட்டு, டம்ளரைச் சாய்த்து ஓரமாக சோடாவை ஊற்றுங்கள். உப்பைக் கடைசியில் போட்டீர்களோ, நுரை மேஜை முழுக்க ஓடும்!

கோலியை அமுக்கும்போது பாட்டில் முகத்துக்கு நேரே இருக்கக் கூடாது. கைக்குழந்தைக்கு மட்டும் சோடா வேண்டவே வேண்டாம், "ஒரு வாய்தானேடி" என்று மாமியாரே சொன்னாலும்.