வயது வந்தோரும் வாலிபர் கதையும்

நம்மவரில் படித்தவர் எனப்படும் சிலரிடையே ஒரு பரிகாசம் வழங்கி வருகிறது. ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் சாலாக் செலாத்தானில் ரயிலேறிப் பிரிக்பீல்ட்ஸுக்கு வருகிறார். புத்தகக் கடையில் பரிமேலழகர் உரையைக் கேளாமல், ‘பொன்னியின் செல்வ’னையும் இரும்புக்கை மாயாவியையும் கேட்கிறார். தலை நரைத்தும் புத்தி முதிரவில்லையே என்று பண்டிதரும் பட்டதாரியும் நகைக்கின்றனர். இவர்களுக்கு நாம் சில வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில், இது நமக்கு மட்டும் உற்ற குறையன்று. 1997இல் இங்கிலாந்தில் ‘ஹாரி பாட்டர்’ முதற்கதை வெளிவந்தது. மறு ஆண்டே அதன் பிரசுரகர்த்தர்கள், பெரியவர்கள் ரயிலில் கூசாமல் கையில் வைத்துப் படிப்பதற்கென்று வேறு மேலட்டை போட்டு விற்றனர். 2014இல் அமெரிக்காவின் ‘ஸ்லேட்’ என்னும் இதழ், இளையோர் நவீனங்களைப் படிக்கும் பெரியவர்கள் வெட்கப்பட வேண்டுமென்று ஒரு கட்டுரை வெளியிட்டது. படிப்பவர் யாரும் அதனால் நிறுத்திவிடவில்லை! சிவகாசியில் 1972இல் தோன்றிய முத்து காமிக்ஸையும் 1984இல் தோன்றிய லயன் காமிக்ஸையும் இன்று தேடி வாங்குவோரில் மிகப் பலர் அன்று அரைக்கால் சட்டையுடன் அவற்றைப் படித்தவர்களே. ‘பொன்னியின் செல்வன்’ வாலிபருக்கென்றே எழுதப்பட்டதன்று. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் எல்லோருக்குமாக வந்தது. எனினும் அதன் உயிர் குதிரையேறி வரும் வந்தியத்தேவன் என்னும் வாலிபனிடமே இருக்கிறது என்பதை மறுப்பார் உண்டோ?

ஆனால் மேனாட்டார் காரணம் வேறு, நம் காரணம் வேறு. மேனாட்டுப் பெரியவர் தாம் அனுபவித்த இளமையை மீண்டும் சுவைக்கப் படிக்கிறார். நம் தோட்டத்துப் பெரியவருக்கு அந்த இளமை எங்கே கிடைத்தது?

பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டுமென்று 1923ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம் விதித்தது. எத்தகைய பள்ளி? பல இடங்களில் கிராணியோ, எழுத்தறிந்த கங்காணியோதான் வாத்தியார். பெரட்டுக்குப் போகும் தாயின் பின்னே விடியலில் சென்று மங்கு துடைத்து, கட்டிப்பால் பொறுக்கி, பிறகு வந்து பலகையில் உட்கார்ந்த பிள்ளைகள் எத்தனை பேர்! ஆயாக் கொட்டகையை விட்டவன் நேரே நிரைக்குப் போனான். குழந்தை என்ற நிலைக்கும் கூலி என்ற நிலைக்கும் இடையே வேறொரு பருவம் அவனுக்கு வாய்க்கவே இல்லை. 1966இல் இந்நாட்டில் இயற்றப்பட்ட சட்டம் ‘இளையோர்’ என்று ஒரு வகுப்பைப் பெயரிட்டது. அதுவும் வேலைக்கு வைப்பது பற்றிய சட்டமே. காதலிக்கவும், ஊர்சுற்றவும், தவறு செய்து திருந்தவும் உரிய வயதைப் பால்மரத்தடியில் விட்டுவிட்டவர், ஐம்பதாவது வயதில் அதை ஏட்டிலாவது காண விரும்பினால், அதைக் கண்டு நகைப்பவரின் நெஞ்சம் எதனால் ஆனது என்று கேட்கிறோம்.

அடுத்தது மொழி. தமிழ்ப் பள்ளி நமக்கு ஆறாண்டு. அதன்பின் இடைநிலைப் பள்ளியில் தமிழ் ஒரு பாடமாக நின்றால் உண்டு, இல்லையேல் அதுவுமில்லை. ஆறாம் வகுப்புத் தமிழோடு வெளியே வந்தவருக்குப் பண்டிதர் நீட்டுவது என்ன? ஆத்திசூடியை விட்டால் அடுத்தது சிலப்பதிகாரம்! நடுவில் ஒரு படிக்கட்டையேனும் வைத்தார்களா? அப்படியை வைத்தவர்கள் வாண்டுமாமா போன்றோரும், பண்டிதர் தீண்டாத சித்திரக்கதைக்காரருமே. தமிழை மறவாமல் காத்த அந்தப் படியில் ஒருவர் சற்று நேரம் உட்கார்ந்திருந்தால் தமிழ்த்தாய்க்கு என்ன நஷ்டம்?

அக்கதைகளெல்லாம் அப்பழுக்கற்றவை என்று நாம் வாதாட வரவில்லை. 1947இல் தோன்றிப் பின்னர் நின்றுபோன ‘அம்புலிமாமா’வில் அரசனும் வேதாளமும் மாதந்தோறும் உலவினர், உழைப்பாளி வந்தால் பெரும்பாலும் அரசன் கையால் பரிசு பெறவே வந்தான். சரித்திரக் கதைகளிலோ குலப்பெருமைக்குக் குறைவில்லை, பெண்ணுக்கு அழகைத் தவிர வேறு அலுவல் அரிது. இக்குறைகளை நாமும் கண்டிக்கிறோம். ஆனால் கண்டிப்பவர் மாற்றுச் சரக்கு வைத்திருக்க வேண்டாமா?

புக்கிட் ஜாலில் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். அதன் நிலத்தில் எழுந்த அரங்கில்தான் 1998இல் காமன்வெல்த் விளையாட்டுகள் நடந்தன. கிள்ளான் பள்ளத்தாக்கில் இவ்வாறு லயம் போய் அடுக்குமாடி வந்த தோட்டங்கள் பல. பதினான்கு வயதில் அந்த லயத்தை விட்டுப் புறப்பட்ட ஒரு பெண்ணின் கண்ணால் பார்த்தால் அது வந்தியத்தேவன் பயணத்துக்குக் குறைந்ததா? அவள் எந்தப் பள்ளிக்குப் போனாள், புது மாடியில் யாரோடு சிநேகமானாள், தாய் தூக்கிய பால்வாளியை யார் எடைக்குப் போட்டார்கள்? அ. ரெங்கசாமி ‘லங்காட் நதிக்கரை’ எழுதி, நம் ஆறும் நம் மண்ணும் நாவலுக்குப் போதும் என்று காட்டியிருக்கிறார். அவ்வழியில் இளையோருக்காக எழுத வந்தவர்கள் மிகச் சிலரே.

ஆகவே நம் எழுத்தாளர் சங்கங்களையும் வாசகசாலைகளையும் ஒன்று கேட்கிறோம். கவிதைக்கும் சிறுகதைக்கும் நாவலுக்கும் போட்டி வைத்துப் பொற்பதக்கம் கொடுக்கிறீர்கள், பொன்னாடை போர்த்துகிறீர்கள். பதினான்கு வயதினரும் ஐம்பது வயதினரும் ஒன்றாக உட்கார்ந்து படிக்கத் தக்க தோட்டத்துக் கதை ஒன்றுக்கு அடுத்த ஆண்டு ஆயிரம் வெள்ளி ஒதுக்குவீர்களா?